வெள்ளைக் கோடு, நீலக் கோடு

— மணி நாலேகால். அஞ்சு மணிக்கு கரண்ட் விட்டுருவோம்னு சொல்லியிருக்காங்க, பிரபு தம்பி. வந்ததும் பசங்க ஃபைபர் படகுக்கு ரெசின் பசை கலக்கிருவானுங்க. அதுல ஹார்ட்னர் ஊத்திட்டா நின்னு யோசிக்க முடியாது, கல்லாயிரும். அதுக்குள்ள வெள்ளையா நீலமான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.

— வெள்ளைதான் மீரா உசேன் பாய். போன வாரமே சொல்லிட்டேனே. இவ ஒரு தடவ பார்க்கணும்னா. அதான் கூட்டிட்டு வந்தேன்.

— பார்க்கட்டும், பார்க்கட்டும். தங்கச்சி, செருப்பக் கழட்ட வேணாம். சிமெண்டுத் தரைதான்.

— இருக்கட்டும் பாய். கோடு அழிஞ்சுரும்.

— அழிஞ்சாத் திரும்பப் போட்டுக்கலாம். எங்க வாப்பா காலத்துலேருந்து இப்படித்தான். பேப்பர்ல பார்த்தா எல்லாருக்கும் படகு பெருசாத் தெரியும். முழு அளவுல தரையில சாக்பீஸ் கோடு போட்டு, வாங்குறவங்கள உள்ள நடக்க விட்டாத்தான் முட்டி எங்க இடிக்கும்னு தெரியும். இந்த வெளிக்கோடு முப்பத்திரண்டு அடி. அது ரெண்டுக்கும் பொது. உள்ள வெள்ளைக் கோடு ஒரு பிளான், நீலக் கோடு இன்னொரு பிளான்.

— இந்தக் கூர்முனை முன்பக்கமா?

— ஆமா. அந்தப் பின்கடைசில இஞ்சின். இப்ப நீலத்த மறந்துருங்க, வெள்ளைய மட்டும் பாருங்க. பின்னாடியிலேருந்து வாங்க. இது தூண்டில் போடுற தளம், கொஞ்சம் சின்னது. இதத் தாண்டினாக் கதவு. அங்க இல்ல தங்கச்சி, செவுத்துல நடக்குறீங்க.

— செவுரா இது. சரி, கதவு வழியாவே வர்றேன்.

— வந்துட்டீங்க. வலது கைப் பக்கம் ஸ்டீரிங். இடது பக்கம் அடுப்பு, பாத்திரம் கழுவுற தொட்டி. ரெண்டு படி எறங்கினா ரெண்டு கட்டில், ஒரு கக்கூஸ். தலைக்கு மேல கூரை. மழை பேஞ்சாத் தெரியாது.

— வீடு மாதிரி இருக்கு.

— நான் சொல்லல மங்களம்? தஞ்சாவூருக்குக் கோயில் பார்க்க வர்றவங்க ரெண்டு நாள்ல எல்லாத்தையும் பார்த்துடுறாங்க. அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு ஓட்டல்ல உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு ஒரு நாள் கடல். காலைல நாகப்பட்டினத்துல கெளம்பினாக் கோடியக்கரைப் பக்கம் போயிரலாம். தூண்டில் போடுவாங்க, சமைச்சுச் சாப்புடுவாங்க. ராத்திரி நங்கூரம் போட்டுப் படுத்துட்டு மறுநாள் திரும்பலாம். மஸ்கட்ல நான் ஓட்டின படகும் இதே பிளான்தான்.

— நீலம் எப்படி பாய்?

— நீலம் வேற மாதிரி. நடுவுல ஒரு ஆள் நிக்கிற அளவுக்குக் கூண்டு. அதுல ஸ்டீரிங். சுத்திலும் திறந்த தளம், எந்தப் பக்கம் மீன் இழுத்தாலும் கூடவே ஓடலாம். பின்னாடி ஐஸ் பெட்டி, ரெண்டு பெஞ்சு, மேல தார்ப்பாய். படுக்கை கிடையாது. காலைல போனாப் பொழுது சாயக் கரைக்கு வந்துரணும்.

— பொழுது சாய வந்துரணும்.

— ஆமா. மீன் பிடிக்க நீலம், தங்கிச் சுத்த வெள்ளை. காத்தடிச்சா வெள்ளை கொஞ்சம் ஆடும், கேபின் உயரம்ல. நீலத்துல வெயில் மண்டையப் பொளக்கும். நான் எதையும் யாரு தலையிலயும் கட்டுறதில்ல. மழை வந்தா யாரு நனையணும்னு யோசிங்க, பிளான் தானா வந்துரும்.

— அடுப்புக்கிட்ட மட்டும் கோட்ட அழிச்சு அழிச்சுப் போட்டிருக்கு?

— அதத் தம்பிகிட்டக் கேளுங்க.

— அது ஒன்னும் இல்ல மங்களம்.

— ஒன்னும் இல்லாததுக்கா நாலு தடவ அழிச்சேன்? அடுப்பு தென்கிழக்கு மூலையில வரணும்னாரு. கதவு கெழக்கப் பார்க்கணும்னாரு. தம்பி, இது தண்ணில நிக்கிற பொருளு, நங்கூரம் போட்டா காத்து திருப்புற பக்கந்தான் கெழக்குன்னேன். அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் கரையில கட்டி நிறுத்துறப்பவாவது சரியா இருக்கட்டும்னாரு. எலுமிச்சம்பழம் எங்க தொங்க விடுறதுன்னு கேக்குறவங்க வருவாங்க. படகுக்கு வாசப்படி திசை கேட்டது இவருதான் மொத ஆளு.

— மஸ்கட் படகுல அடுப்பு எந்த மூலையில இருந்துச்சுங்க?

— அது அரபிக்காரன் படகு. இது நம்மது. சொந்தமா ஒன்னு வாங்குறப்ப எல்லாரும் பார்க்குறதுதானே.

— வீட்டுக்குப் பார்க்குறது. டிராக்டர் வாங்கினப்ப நாம திசையா பார்த்தோம்?

— டிராக்டர்ல அடுப்பு இல்ல.

— கட்டிலும் இல்ல. பாய், இந்தக் கட்டில் என்ன நீளம்?

— வழக்கமா வைக்கிறதுதான். ஆறடி.

— ரெண்டுமா?

— அது வந்து, இடது பக்கத்துக் கட்டில் மட்டும் ஆறரை.

— வெள்ளைக்காரங்க உயரமா இருப்பாங்கல்ல மங்களம்.

— ரெண்டு பேர் வந்தா ஒருத்தர் மட்டும் உயரமா இருப்பாரா?

— பாய், உங்களுக்குத் தொழுகைக்கு நேரமாகலியா?

— ஆச்சு தம்பி. அஸர் தொழுதுட்டு வந்துர்றேன். பள்ளிவாசல் இந்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கந்தான். நீங்க பேசிக்குங்க. தங்கச்சி, போறதுக்கு முன்ன நீலத்துலயும் ஒரு நடை நடந்து பாருங்க.

— சரி பாய்.

— ஏன் மங்களம், அந்த மனுசன் முன்னாடி போலீஸ்காரி மாதிரி கேட்டுக்கிட்டு?

— நீங்கதான் அவர வெரட்டுனீங்க. கெஸ்ட் உள்ள படுத்தா நீங்க எங்க படுப்பீங்க?

— வெளில, தளத்துல.

— கெஸ்ட் இல்லாத நாள்ல?

— இப்ப எதுக்கு அது?

— நம்ம வீட்டுக் கட்டில்ல உங்க கால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த அளவு எனக்குத் தெரியும். நீங்க படகு வாங்கல. நாகப்பட்டினத்துல ஒரு வீடு கட்டுறீங்க.

— அப்படி இல்ல.

— பாய் வந்ததும் நான் நீலம்னுதான் சொல்லப் போறேன்.

— நீலத்துல யாரும் தங்க மாட்டாங்க.

— தங்க வேணாம். தூண்டில் போடட்டும், மீனோட போட்டோ எடுத்துக்கட்டும், சாயந்திரம் ஓட்டலுக்குப் போகட்டும். நீங்களும் பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்கு வாங்க. நீங்க மஸ்கட்ட விட்டு வந்து ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகல. அதுக்குள்ள கடல்ல ஒரு கட்டிலப் போட்டுக்கிட்டாருன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? வயக்காட்டுல நடவு நட வர்ற பொம்பளைங்க வாய எவ அடைக்கிறது?

— ஊருக்காகப் படகு வாங்க முடியுமா?

— கெழக்க வாசல் யாருக்காகக் கேட்டீங்க?

— சரி. நேராவே சொல்லிர்றேன். கோவிச்சுக்காத.

— நான் எப்பக் கோவிச்சிருக்கேன்?

— அதான் மங்களம். அதேதான். போன தாளடி நெல்லுக்கு உரம் போட்ட அன்னிக்கு நான் மடையத் தொறந்து வயத் தண்ணிய வடிய விட்டுட்டேன். நெனப்பிருக்கா?

— போட்ட யூரியா பூரா வாய்க்கால்ல போச்சு.

— நீ என்ன சொன்ன?

— பரவால்லன்னேன்.

— அதே வேலைய நம்ம வயல் வேலைக்கு வர்ற அரசப்பன் செஞ்சிருந்தா அவன் தாத்தனையும் சேத்து இழுத்திருப்ப. வரப்புலயே நிக்க வச்சு ஊரே கேக்குற மாதிரி திட்டியிருப்ப. எனக்குக் காபி போட்டுக் குடுத்த. கொல்லையில நின்னு குடிச்சேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி டம்ளர ஒடச்சா இப்படித்தான் பரவால்லம்பாங்க.

— திட்டினா வருத்தப்படுவீங்கன்னு விட்டேன்.

— அரசப்பன் வருத்தப்படலியே. மறுநாள் வேலைக்கு வந்துடுறான். அவன் அங்கத்த ஆளு. நான் வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவுல வந்துக்கிட்டு இருந்தவன். நாட்டுக்கோழி அடிப்ப, கொடுவா மீன் வாங்குவ. நம்ம பொண்ணு குந்தவைய ஸ்கூலுக்கு லீவு போட வச்சு மூணு பேருமா கோயில் கோயிலாப் போவோம். சிரிச்ச முகமா இருப்ப. ஒரேயடியா வந்துட்டா அப்படியே இருக்கும்னு நெனச்சேன். இப்ப அவளும் காலேஜுக்குன்னு சென்னைக்குப் போயிட்டா. மேட்டூர் அணைய எப்பத் தொறக்குறான்னு உனக்குத் தெரியுது. நடவுக்கு யாருகிட்டச் சொல்லணும், கொள்முதல் நிலையத்துல யாரப் பார்க்கணும், எல்லாம் உனக்குத் தெரியுது. நான் மோட்டார் ரூம் சாவி எங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறேன். லீவு முடியவே மாட்டேங்குது மங்களம்.

— பழகிரும்னுதான் நானும் இருந்தேன்.

— இந்தக் கோட்டுக்குள்ள வந்து நின்னா எது எங்கன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ஸ்டீரிங்குல கை வச்சா இஞ்சின் என்ன சொல்லுதுன்னு தெரியும். அதுக்குத்தான் அந்த ஆறரை அடி. உன்ன விட்டுட்டுப் போறதுக்கு இல்ல. வாரத்துல மூணு நாளு, நாலு நாளு. எனக்கு வீட்டுல தூக்கமே வர மாட்டேங்குது. ராத்திரில மாடிக்குப் போயி நடந்துக்கிட்டு இருக்கேன்.

— தெரியும்.

— நீ தூங்கிக்கிட்டுல்ல இருப்ப?

— வாங்க, நீலத்துல நடந்து பார்க்கலாம். பாய் சொல்லிட்டுப் போனாருல்ல. இதுல கதவே இல்ல போலருக்கே.

— இல்ல. எந்தப் பக்கம் வேணும்னாலும் ஏறலாம். இந்தா, இதுதான் கூண்டு. இங்க நின்னா நாலு பக்கமும் தெரியும். நல்ல பிளான்தான். மீன் மாட்டினா ஆளு இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் தடங்கல் இல்லாமப் போகலாம்.

— வாந்தி வந்தா?

— காத்து அடிக்கிற பக்கம் நிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

— பெஞ்சு இதுவா?

— ம். மங்களம், என்ன, தரையில உக்காந்துட்ட?

— உக்காந்து பார்க்குறேன். பொழுது சாயக் கரைக்கு வந்து, படகக் கழுவி, தஞ்சாவூர் பஸ்ஸப் பிடிச்சு, அங்கேருந்து நம்ம ஊருக்கு வர என்ன நேரமாகும்?

— ஆகும். வந்துருவேன். காலைல முதல் பஸ்ஸுக்குத் திரும்பிருவேன்.

— முடியுமா?

— முடியணும். நீ உக்காந்திருக்குறதப் பார்த்தாத்தான் புரியுது. இத்தனை வருஷம் உன்னத் தனியா விட்டுட்டு, வந்தவன் திரும்பவும் ஒரு கட்டிலத் தூக்கிக்கிட்டுக் கெளம்புறேன்னா அது நியாயம் இல்ல. ஆறரை அடின்னு பாய்கிட்டச் சொல்றப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.

— நான் அப்படிச் சொல்லலியே.

— நீ சொல்ல மாட்ட.

— என்ன தங்கச்சி, பெஞ்சு சௌகரியமா இருக்கா?

— கொஞ்சம் தாழ்வா இருக்கு பாய்.

— செஞ்சதுக்கப்புறம் ஒசரம் வந்துரும். மேல பாருங்க, ஃபேன் சுத்துது. கரண்ட் வந்துருச்சு. என்ன தம்பி முடிவு?

— நீலம் பாய்.

— நெசமாவா? நாலு தடவ என்னைய அழிக்க விட்டீங்களே.

— நெசமாத்தான். நீலமே போடுங்க.

— தங்கச்சி, நீங்க என்ன சொல்றீங்க?

— அவரு சொன்னா சரிதான்.

— நல்லது. பசங்க பின்னாடி ஷெட்ல ரெடியா நிக்கிறானுங்க. நான் போயி நீலத்துக்கு அளவு குடுத்துட்டு, ஹார்ட்னர ஊத்தச் சொல்லிட்டு வந்துர்றேன். அப்புறம் இந்த வெள்ளைய ஈரத்துணியப் போட்டுத் தொடச்சிரணும், ரெண்டும் இருந்தாக் கொழம்பிருவானுங்க. ஒரு டீயும் சொல்லிட்டு வர்றேன், இருங்க.

— சரி பாய்.

— எந்திரி மங்களம். கேட்டது கெடச்சிருச்சுல்ல? முகம் ஏன் இப்படி இருக்கு?

— அவரு போயிட்டாரா?

— போயிட்டாரு. சொல்லு.

— நீங்க அடம் பிடிப்பீங்கன்னு நெனச்சேன்.

— எதுக்கு?

— வெள்ளைதான் வேணும்னு. நான் நாலு வார்த்தை பேசுவேன், நீங்க பிடிச்ச பிடில நிப்பீங்க, சரி போங்கன்னு விட்டுட்டு எந்திரிச்சுரலாம்னு இருந்தேன். கேக்குறவங்ககிட்டச் சொல்ல எனக்கும் ஒரு பேச்சு இருக்கும், நான் சொன்னேன், அவருதான் கேக்கலன்னு. இப்படி ஒரு பெஞ்சப் பார்த்துட்டு ஒத்துக்குவீங்கன்னு நான் நெனைக்கல.

— என்ன சொல்ற நீ?

— நீங்க மாடியில நடக்குறப்பல்லாம் நான் கீழ முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருப்பேன். எனக்கும்தான் தூக்கம் இல்ல. பக்கத்துல இன்னொரு ஆள் மூச்சு விடுற சத்தம் எனக்குப் பழகலங்க. பழகும் பழகும்னு பார்த்துட்டேன். நீங்க நல்லவருதான், அதுல ஒன்னும் இல்ல. நாலு நாள் கடல்ல இருந்துட்டு வந்தீங்கன்னா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருப்பேன். அது எனக்கு வரும். தெனமும் எனக்கு வரல. அந்த ஹார்ட்னர ஊத்துறதுக்குள்ள ஓடிப் போயி வெள்ளைன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?