கோடு கறுத்த பைகள்

வீணடிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது, ஐயா. பல் தேய்க்கும்போதுகூடக் குழாயை மூடிவிட்டுத்தான் தேய்ப்பேன். கஞ்சப் பிசினாறி என்று என் மனைவி கேலி செய்வாள்.

ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் கழிவுக்குப் பொறுப்பு நான்தான். சோதனை முடிந்த பிளாஸ்டிக் டியூப்களைப் பையில் கட்டி, ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் வேகவைத்தால் கிருமி சாகும். பிறகு அவை மறுசுழற்சிக்குப் போகும். பையில் ஒட்டிய பட்டையில் கோடு கறுத்திருந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் அவ்வளவு தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க வயிறு எரிந்தது. ஒருநாள் எட்டுப் பட்டைகளை ஒரே பையில் ஒட்டி வேகவைத்தேன். கறுத்ததும் உரித்து, வேகாத ஏழு பைகளில் ஒட்டினேன். அதுவே வழக்கமாயிற்று. தண்ணீரைச் சேமித்த முன்மாதிரி ஆய்வகம் என்று கேடயம் தந்தார்கள். கை கூசியது. வாங்கிக்கொண்டேன்.

அந்த டியூப்களின் மூடியைக் கழற்றித் தரம் பிரித்தவர் என் அண்ணி. அண்ணன் இறந்த பிறகு நான்தான் அவரை எங்கள் ஆய்வகத்தில் அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கையுறையும் கழிவுதானே, அதையும் குறைத்தேன்.

"கோடு கறுத்திருக்கான்னு மட்டும் பாருங்க அண்ணி. கறுத்திருந்தா வெறுங்கையாலயே பிரிக்கலாம்."

"நீங்க சொன்னா சரிதான் தம்பி. கையுறை போட்டா கை வேர்த்து ஊறிப்போகுது."

ஒருநாள் உடைந்த டியூப் அவர் கட்டைவிரலைக் கிழித்தது. நான் பதறியதைப் பார்த்துச் சிரித்தார். "கறுத்த பைதான் தம்பி, பயமில்ல." அப்போதாவது சொல்லியிருக்கலாம். கட்டுப் போட்டுவிட்டேன்.

மூன்று மாதத்தில் அவருக்குச் சோர்வு, கண்ணில் மஞ்சள். நானே ரத்தம் எடுத்து நானே சோதித்தேன். கல்லீரலைக் கெடுக்கும் கிருமி இருந்தது. வெளியே சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும், பைகளைத் திறந்து பார்ப்பார்கள்.

"ஒண்ணுமில்ல அண்ணி, வெறும் பித்தம். ஓய்வெடுங்க."

"வயித்துல பால வார்த்தீங்க தம்பி" என்றார்.

ஐந்து வாரம் கழித்து நினைவிழந்த நிலையில்தான் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனோம். முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். அண்ணியின் மகள் என் தோளில் சாய்ந்து, "இனிமே எங்களுக்கு நீங்கதான் சித்தப்பா" என்று அழுதாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இன்றுவரை அவள் கண்ணைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

ஆம், பட்டைகளை மாற்றி ஒட்டியது நான். அறிக்கையில் கிருமி இல்லை என்று எழுதியதும் நான். ஆனால் அக்கறையில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அண்ணியின் ரத்தம் இருந்த டியூபை அன்றே, இரண்டு கையுறை போட்டுக்கொண்டு, தனியாக ஒரு முழுச் சுற்று வேகவைத்தேன். யாருக்கும் தொற்றிவிடக் கூடாதே.