பத்துக் கட்டம்

சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். பாடுறவங்க பதினாறு பேரு. பாட்ட நடத்த முன்னால கையத் தூக்கிட்டு நின்னது கொசு. அதாம்மா, உங்கப்பன். எந்நேரமும் ஙொய்னு ஏதாவது முனகிட்டே திரிவான். அஞ்சு வயசுல நான் வச்ச பேரு, பாதிரியார்கூட அப்படித்தான் கூப்பிட்டாரு. கோவிச்சுக்காத. அண்ணன் வைக்கிற பேருதான் தம்பிக்கு ஒட்டும்.

உக்காரு. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். பாட்டுத் தாளெல்லாம் இருக்கு, எங்கயும் போகல. பெரியப்பா பேசி முடிச்சிட்டு எடுத்துத் தரேன்.

நீ பாட்டு படிக்கலல்ல? அப்போ கேட்டுக்கோ. கோயில் கொயர்ல, அதான் பாட்டுக் குழுவுல, மூணு மாதிரி எழுதுவாங்க. மாஸ்னு ஒண்ணு, பூசையில பாடுறது. வார்த்தை எல்லாருக்கும் ஒண்ணுதான், ஐநூறு வருஷமா மாறல. அதுல நீ யாருன்னு காட்டணும். நான் மூணு மாஸ் எழுதினேன். மூணையும் தலைமைப் பாதிரியார் வாங்கி வச்சாரு. வச்சாரு, அவ்ளோதான். அப்புறம் மோட்டெட். சின்னது, ஏழெட்டு நிமிஷம். ஆர்கன் கிடையாது, வெறும் குரல். அத எழுதுறதுக்குத் திமிர் வேணும். மூணாவது ரெக்வியம், செத்தவங்களுக்கு. அத எழுதுறவன் எவன் சாவான்னு காத்துக்கிட்டுக் கிடக்கணும்.

உங்கப்பன் எழுதினது மோட்டெட். கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கப் போற வேலை, வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே ரசீதுப் பின்னால எழுதுவான். நல்லா இருந்துச்சான்னு கேக்குறியா? இருந்துச்சு. அதுல என்ன பொய் சொல்றது. முதல் ஒத்திகையில கசாப்புக்கடைக்காரர் கண்ணத் தொடச்சாரு. காலையில எட்டு ஆட்ட அறுத்துட்டு வந்த மனுஷன்.

அப்போ கொயர் மாஸ்டர் வேலை காலி. அன்னிக்குப் பாட்டக் கேட்டு ஆள முடிவு பண்ண மூணு பெரியவங்க வந்திருந்தாங்க. உங்கப்பனுக்குத்தான்னு ஊரே பேசிருச்சு. உங்கம்மா புதுப் பொடவை கட்டி முதல் வரிசையில. நீ வயித்துல.

நான் என்ன பண்ணேனா? தாள் எழுதினேன். அதான் என் வேலை. முழுப் பாட்டும் நடத்துறவன் கையில மட்டும் இருக்கும். பாடுறவங்களுக்கு அவங்க குரல் மட்டும் தனித் தாள். மேல இருந்து கீழ நாலு குரல்: சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், அடியில பேஸ். சொப்ரானோவுக்கு ஆல்ட்டோ என்ன பாடுறான்னு தெரியாது, டெனருக்கு பேஸ் தெரியாது. ஒத்திகைத் தாள் வேர்வையில நைஞ்சு போயிரும்ல, அதனால பாடுற அன்னிக்கு எல்லாருக்கும் புதுசா எழுதிக் கொடுப்பேன். முடிஞ்சதும் வாங்கி இந்த பீரோவுல வச்சுப் பூட்டிருவேன்.

நடுவுல ஒரு இடம். பேஸ் நாலு பேரும் பத்துக் கட்டம் சும்மா நிக்கணும்; கட்டம்னா ஒரு தாளச் சுத்து, நடத்துறவன் கை ஒரு தடவ வீசி முடியிற நேரம். மத்த மூணு குரலும் மேல மேல ஏறும், ஏறி உச்சிக்குப் போனப்புறம் இவங்க அடியில வந்து தாங்கணும். கட்டிடத்துக்கு அஸ்திவாரத்தக் கடைசியில போடுற மாதிரி. சொன்னேன்ல, திமிர்.

அன்னிக்கு பேஸ் ஒரு கட்டம் முன்னாடியே வந்துட்டாங்க. நாலு பேரும் சேந்து, நல்ல கனமா. டெனர் பயந்து அவங்க பின்னாடி ஓடுனாங்க. ஆல்ட்டோ நின்ன எடத்துலயே நின்னாங்க. சொப்ரானோவுல ஒரு பொண்ணு சிரிச்சுட்டா. உங்கப்பன் மட்டும் கைய வீசிட்டே இருந்தான், பஸ்ஸ விட்டவன் மாதிரி. அப்புறம் கைய எறக்கிட்டான். மூணு பெரியவங்கள்ல ஒருத்தரு கடிகாரத்தப் பாத்தாரு.

பேஸ்காரங்க நாலு பேரும் சத்தியம் பண்ணாங்க, விரல் விட்டு சரியா எண்ணினோம்னு. பல் டாக்டரு, தபால்காரரு, எல்லாம் பொய் சொல்ற ஆளுங்க இல்ல. அப்போ தப்பு யாரோடது? கை வீசுனவனோடது. உன்கிட்டயும் அதத்தான சொன்னான்? என் கை ஒரு தடவ அதிகமா வீசிருச்சுன்னு? என்கிட்டயும் சொன்னான். அழுதான். இந்த நாற்காலியிலதான். ஆமா, நீ உக்காந்திருக்கிறதுலதான். விடுடா, எல்லாருக்கும் கை தவறும்னு முதுகத் தடவிக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு வரி எழுதல. முனகுறதும் நின்னு போச்சு. கொசு செத்துப் போச்சான்னு கேலி பண்ணுவேன், சும்மா சிரிப்பான்.

இப்போ அந்த மோட்டெட்ட மறுபடி பாட வைக்கணும்னு வந்திருக்க. வைம்மா. நகரத்துல நல்ல கொயரா பாத்துப் புடிச்சிருக்க. நான் ஏன் தடுக்கப் போறேன்? எனக்கு எழுபத்தாறு. இந்தா, பதினாறு தாளும் இருக்கு, எண்ணிக்கோ. பேஸ் தாள்ல மட்டும் அந்தச் சும்மா நிக்கிற எடத்துல ஒம்பதுன்னு போட்டிருக்கும், அத அடிச்சுட்டு பத்துன்னு எழுதிக்கோ.

நாலு தாள்லயும்.

ஏம்மா அப்படிப் பாக்குற? என் கையெழுத்துதான். கை தவறுறவன் ஒரு தாள்ல தவறுவான். நாலுலயுமா தவறுவான்?

நான் முப்பத்தோரு வருஷம் கொயர் மாஸ்டர். நீ வெளிநாட்டுல இருந்து அடக்கத்துக்கு வந்து சேர முடியல, அதனால உனக்குத் தெரியாது. போன ஆகஸ்ட் பதினாலாம் தேதி, காலையில பத்து மணிக்கு, உங்கப்பனப் பொதச்சோம். என்னோட ரெக்வியத்தத்தான் பாடினோம்.