பளீலா சொன்னதுல பிழையில்ல

ஓம், பளீலாட வீடு அதுதான், அந்த நீலக் கேட்டு. நான் பக்கத்து வீடு, பேரு கமீலா. இரிங்க ராத்தா. அந்தக் கதிர வேணாம், கால் ஆடுது, இதுல இரிங்க. பளீலாட மகள் மர்ஷூதாவ விசாரிக்கத்தானே வந்தீங்க? உங்கட முகத்தப் பாத்தாலே வெளங்குது. இஞ்ச பொண் கேட்டு வாரவங்க எல்லாரும் இந்தப் பக்கத்து வீட்டுல ஒருக்கா, அந்தப் பக்கத்து வீட்டுல ஒருக்கா விசாரிச்சுட்டுத்தானே ஆம்புள்ளைகள அனுப்புவாங்க. நம்மட வழக்கம் அப்படி. ஒரு பொண்ணுட வாழ்க்கையே பக்கத்து வீட்டுக்காரிட வாயிலதான் இருக்கு.

மாப்புள எந்த ஊரு? மாம்புரியா. பேரு? முபாரிஸா? வெங்காயத் தோட்டம் செய்யிற முபாரிஸா?

யா அல்லாஹ்.

இல்ல ராத்தா, ஒண்டுமில்ல. பிளேன்டி குடிங்க. நீங்க மாப்புளக்கி என்ன முறை? சாச்சியா, உம்மாட தங்கச்சியா. குவைத்ல இருந்து இப்பதான் வந்தீங்களா? அதுதானே பாத்தேன். இந்த வீட்டுக்கு மட்டும் போவேணாமெண்டு மாப்புளட உம்மா, உங்கட ராத்தா, சொல்லித் தரல்ல போல. முபாரிஸுக்கு முதல்ல பேசினது என்ட மகள் நிஸ்ரின. ஓம், போன நோன்புக்கு முன்னுக்கு. எழும்பாதீங்க, உங்களோட எனக்கு என்ன கோவம்? வந்தது வந்தீங்க, கேட்டுட்டே போங்க.

எல்லாம் பொருந்தி வந்திச்சு. மாப்புள வந்து பாத்துட்டுச் சிரிச்சுக்கொண்டே போனான். நிஸ்ரினுக்குத் தரையில கால் நிக்கல்ல. அடுப்புல சோறு எரியிறது கூடத் தெரியல்ல அவளுக்கு, பாட்டுத்தான். பொறகு உங்கட ராத்தா வழக்கப்படி பளீலாட்டப் போய் விசாரிச்சா. நான் ஒரு பயமுமில்லாம இருந்தேன். போனது பளீலாட வீட்டுக்குத்தானே!

பளீலா எனக்கு யாரெண்டு தெரியுமா? தொண்ணூறுல முஸ்லிம்கள வெளியேத்தக்குள்ள மன்னார்ல இருந்து ஒரே வள்ளத்துல வந்தவங்க நாங்க. கற்பிட்டிக் கரையில எறங்கக்குள்ள நான் உடுத்திருந்தது அவட சீலை. அகதிக் கேம்புல ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே கிடுகுக் கொட்டில், நடுவுல ஒரு சாக்குத்தான் மறைப்பு. எங்க ரெண்டு பேர்ட புள்ளைகளும் அங்கதான் பொறந்தது. சண்டை முடிஞ்சு கன பேர் ஊருக்குத் திரும்பிப் போனாங்க, எங்கட மச்சான்மாரெல்லாம் கூப்பிட்டாங்க. நான் போகல்ல. பளீலா இஞ்ச இருக்கிறா, அவள விட்டுட்டு என்னத்துக்குப் போறதெண்டு நிண்டுட்டேன். எவ்வளவு மடச்சி நான்.

அவ என்ன சொன்னா தெரியுமா? நல்ல புள்ள, தொழுகையுள்ள புள்ள, இங்கிலீஷ் டியூஷன் குடுக்குது எண்டெல்லாம் அடுக்கிட்டு, கடைசியா, சின்னதுல வலிப்பு வந்ததுதான், நான் கண்ணால கண்டேன் எண்டு சொல்லியிருக்கா. அதோட வாய மூடிட்டா. காய்ச்சல் தலைக்கடிச்சு ஒரே ஒருக்கா வந்தது ராத்தா. பொறகு இண்டைக்கு வரைக்கும் எட்டியும் பாக்கல்ல. சின்னப் புள்ளைகளுக்குக் காய்ச்சல்ல வாரதுதான், பயப்படாதீங்க எண்டு டொக்டரே சொன்னாரு, பளீலாவும் பக்கத்துல நிண்டு கேட்டவதானே. அத ஏன்டி சொல்லல்ல?

போய்க் கேட்டேன், கேக்காம விடுவேனா? கண்ணச் சிமிட்டாமச் சொல்றா, நான் பொய் ஒண்டும் சொல்லல்லையே கமீலா, அல்லாக்குப் பயந்தவள் நான், கேட்டாங்க, கரெக்ட்டாத்தானே சொன்னேன் எண்டு. அவ சொன்னதுல ஒரு சொல்லுப் பிழையில்லையே.

வீட்டுக்கு வந்து நிஸ்ரின்ட்டக் கேட்டேன், இங்கிலீஷ்ல கரெக்ட்டுக்கும் ரைட்டுக்கும் என்ன புள்ள வித்தியாசமெண்டு. என்னத்துக்குக் கேக்கிறேனெண்டு அவளுக்குத் தெரியும். அழுது வீங்கின கண்ணோட இருந்து சொல்லித் தாறா. உம்மா, கணக்குல விடை பிழையில்லாம வந்தா கரெக்ட். அடுத்த புள்ளட கொப்பியப் பாத்து எழுதியிருந்தாலும் விடை கரெக்ட்தான், ஆனா செஞ்சது ரைட்டில்ல. கன நேரம் ரெண்டையும் ஒண்டாத்தான் பாவிப்பாங்க, எண்டாலும் ரைட்டுக்குள்ள நியாயமும் இருக்கோணும் எண்டா. அப்ப உங்கட பளீலா மாமி எதுல சேத்தி எண்டேன். எழும்பிப் போய்ட்டா.

டியூஷனுக்கு வந்த புள்ளைகளும் ஒவ்வொண்டா நிண்டுட்டாங்க. டீச்சருக்கு வலிப்பாம். இப்ப மேசையும், புள்ளைகள் இருந்து படிச்ச வாங்கும்தான் வெறுமனே கெடக்குது, அந்தா பாருங்க.

அதையும் பொறுத்தேன். சத்தியமாச் சொல்றேன், வாய் தவறிச் சொல்லிட்டாளாக்கும், போகட்டும் எண்டுதான் மனசத் தேத்தி வச்சிருந்தேன். நீங்க முபாரிஸெண்டு பேரச் சொல்லக்குள்ளதான் எல்லாம் வெளங்குது. என்ட புள்ளய எழுப்பிட்டு அந்த எடத்துல தன்ட புள்ளய இருத்தப் பாத்திருக்கா! ஒரே சட்டியில திண்டவள் ராத்தா.

சரி, நீங்க கேட்டது மர்ஷூதாவப் பத்தி. நல்ல புள்ள. அந்தப் புள்ளயில நான் என்ன குறை சொல்ல? தைக்கிறா, ஓதுறா, மூத்தவங்களுக்கு எதுத்துப் பேசமாட்டா. நிஸ்ரின் உள்ளுக்க இருமுறது கேக்குதா? அது இருமலில்ல. உம்மா, போதும், நிப்பாட்டுங்க எண்டு அர்த்தம். இவ்வளவும் பட்ட பொறகும் அவளுக்கு மர்ஷூதாட மனசு நோகப்படாது.

என்ன, என்ட விரலையே பாக்குறீங்க? அது பழைய தழும்பு ராத்தா. கேம்புல ஒரே காய்ச்சல், கொட்டிலுக்குக் கொட்டில் பரவிட்டு. நாக்கக் கடிச்சிருமெண்ட பயத்துல வாய்க்குள்ள விரல விட்டேன், பல்லு எறங்கிட்டு. நிஸ்ரின்ட பல்லா? இல்ல இல்ல. நிஸ்ரின அண்டைக்குத் தூக்கி வச்சிருந்தது பளீலா. என்ட மடியில கெடந்தது மர்ஷூதா. வலிப்பு அவளுக்குத்தான் முதல்ல வந்தது.