கத்திரித் தோட்டத்தில் மூன்றாவது சிடி

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். ஒன்பது மணிக்குச் செரண்டாவில் ரயில் ஏறினேன்.

எதிரே ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில் காலி சிடி உறைகள்.

“முன்னூறு வருசத்துப் பாட்டு, கத்திரிக்காய்க்குக் காவல் நிக்குது” என்றார் அவர்.

“உறையில்லாம பிஸ்கட் டின்ல கெடந்துச்சிங்க. கெட்டுப்போனதுன்னு நெனச்சேன். அண்ணன் குருவி வெரட்டக் கேட்டாரு, குடுத்துட்டேன்” என்றாள் மனைவி.

“உறை மங்கக்கூடாதுன்னு தனியா வெச்சிருந்தேன்லா. இத்தாலி ஓபரா, மூணு சிடி. அந்தப் பதிவு இப்ப எங்கயும் கெடைக்காது. மூணாவதுலதான் ராணி சிறையில பாடுவா.”

அவள் கலும்பாங்கிலிருந்த அண்ணனை அழைத்து, சிடிகளைப் பற்றிக் கேட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் உற்சாகமாக வந்தது.

“நேத்தே கட்டியாச்சி தங்கச்சி! ரெண்டு பக்கமும் மின்னணும்ல, ரெண்ட எழுத்துப் பக்கம் உள்ள வெச்சி பசை போட்டு ஒட்டிட்டேன். ஒத்தையா ஒண்ணுதான் மிச்சம்.”

கணவர் கைப்பேசியைப் பிடுங்கினார். “மச்சான், அதுல என்ன நம்பர் போட்டிருக்கு?”

“மூக்குக் கண்ணாடி வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வந்து பாக்குறேன், இருங்க.”

“மூணாவதா இருந்தா ஒங்ககூட உக்காந்து முழுசா கேக்குறேங்க” என்றாள் மனைவி மெதுவாக.

கோலகுபு பாருவில் நான் இறங்க வேண்டியிருந்தது. கதவு மூடும்போதும் கணவர் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, தண்ணீர் விடுவதற்கும் முன்பாக, என் மிளகாய்ச் செடிகளுக்கு மேலே தொங்கிய நான்கு சிடிகளை அவிழ்த்துத் துடைத்து, அவற்றில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தேன்.