பள்ளிவாசல் கட்டில்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் நெற்றியில் பெரிய குங்குமப்பொட்டு. இளையவள் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

"எங்க ஊட்டுக்காரரு மூணு மாசம் பள்ளிவாசல் கட்டில்லதான் படுத்துக்கினு இருந்தாரு" என்றாள் மூத்தவள்.

"பள்ளிவாசல்ல ஏதுக்கா கட்டிலு?"

"தலைப்பக்கம் தூக்குமே, அந்த ஆஸ்பத்திரி கட்டிலும்மா. வாங்கி வச்சிக்கினு, வேணுங்கறவங்களுக்குக் குடுத்தனுப்பறாங்க. இவரு டிராக்டர்லேர்ந்து வுழுந்து இடுப்பு ஒடஞ்சிபோச்சா, தரையில படுத்தே முதுகெல்லாம் புண்ணு. ஓயாம கத்துவாரு."

"நம்மளுக்குக் கூடவா குடுப்பாங்க?"

"அந்தக் கூச்சத்துலதான் நானும் உள்ள போவாம பள்ளிவாசல் கேட்டாண்டயே நின்னுக்கினு இருந்தேன். ஒரு பாய் வந்து, 'உங்க ஊட்டு வாசப்படி எவ்ளோ அகலம்மா, கட்டிலு நுழையுமா?'ன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல."



"இப்ப எப்டி இருக்காரு?"

"புண்ணெல்லாம் ஆறிப்போச்சி. கோலு புடிச்சிக்கினு கழனி வரைக்கும் போறாரு."

"கட்டிலத் திருப்பிக் குடுக்கறதப் பத்திப் பேசத்தான் போறியாக்கா?"

"அது போன வாரமே மீஞ்சூர்ல ஒரு ஊட்டுக்குப் போயிடிச்சி. அங்க மாமியாரை எப்டிப் பெரட்டிப் படுக்க வைக்கறதுன்னு தெரியாம அந்தப் பொண்ணு அழுவுதாம். பாய் போன் பண்ணி, 'நீ வந்து காட்டிக் குடுக்கறியாம்மா'ன்னாரு. அதான் போய்க்கினு இருக்கேன். மூணு மாசம் பெரட்டிப் போட்ட கையாச்சே."

மீஞ்சூரில் வண்டி நின்றதும் அவள் அவசரமாக இறங்கிப் போனாள்.