தொட்டிக்கு மேலே ஒரு கால் இரும்பு

— கைய எடுக்காதே அல்போன்சா! கண்ணாடிய அப்படியே அழுத்திப் பிடி. விட்டா கூடம் பூரா தண்ணிதான்.

— பிடிச்சுட்டுத்தானே நிக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற அன்னிக்கா இந்தப் பாழாப்போன மீன் தொட்டி பட்டை ஒடையணும்? துருப் பிடிச்சுடுச்சு, மாத்துங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்.

— மேல குறுக்கால ஒரு இரும்பப் போட்டு ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது. ஓடியாட முடியாத புள்ளைக்குன்னு ஆசையா வாங்குன மீனுடீ, சாக விடுவேனா? இதோ முடுக்கியாச்சு. ஓட்டைகூட அளவா வந்து உக்காந்துடுச்சு பாத்தியா?

— ஏங்க, இத எங்கேர்ந்து எடுத்தீங்க?

— கட்டிலுக்கு அடியில, பழைய டிரங்குலேர்ந்து.

— ஐயோ மாதாவே! நம்ம ஜோசஃபின் கால்ல போட்டிருந்த இரும்பு! எது ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னு பூட்டி வச்சோமோ, அதக் கொண்டாந்து கூடத்துல மாட்டியிருக்கீங்களே, மூளை இருக்கா உங்களுக்கு?

— ஜல்தில கைக்குக் கெடச்சது அதுதான். பாக்கறவங்க சும்மா இரும்புன்னுதான் நெனப்பாங்க, பாத்தியா.

— பாத்தியா பாத்தியான்னு என்னத்தப் பாக்கறது? முன்னால வந்த சம்பந்தம் எதனால போச்சு? இளம்பிள்ளை வாதம்னு காதுல விழுந்ததுமே காப்பியத் தொடாம எழுந்து போனாங்க. அன்னிக்கு எம் பொண்ணு அழுததுல பெத்த வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. கழட்டுங்க முதல்ல!

— கழட்டினா தொட்டி பிளந்துடும். ஜட்கா வேற வாசல்ல வந்து நின்னுடுச்சு. மேஜை விரிப்பப் போட்டு மூடு. ஜோசஃபின் எங்க?

— ஹார்மோனியத்துக்கு முன்னால உக்கார வச்சுட்டேன். அவங்க போறவரைக்கும் எழுந்திருக்காதேன்னும் சொல்லிட்டேன்.

— வாங்க வாங்க மைக்கேல்ராஜ் சார்! வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துதா?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல தியோடர் சார். அல்சூர்லேர்ந்து வர்றதுக்குள்ள இடுப்புதான் போச்சு. அதென்ன, படி இவ்வளவு ஒசரமா வச்சிருக்கீங்க?

— மழைத் தண்ணி உள்ள வராம இருக்கத்தான். பையன் ஓஸ்வால்ட் எங்க சார்? எறங்கலையா?

— குதிரை கொஞ்சம் மெரளுது. அவன் கூட இருந்தாத்தான் அடங்கும்.

— ஜட்காக்காரன் இருக்கானே சார்?

— இருக்கான், இருக்கான். ஓஸ்வால்டும் இருக்கட்டுமே. சரி, அதுதான் பொண்ணா? நல்லாருக்கியாம்மா? ம். பெரியவங்க வந்தா எழுந்திருக்கிற வழக்கம் இல்லையோ?

— தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. பாட்டுல இருக்கும்போது பாதியில எழுந்திருக்கக்கூடாதுன்னு அவ டீச்சர் சொல்லிக் குடுத்திருக்காங்க.

— பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா?

— நீங்க பேசிட்டு இருங்கண்ணே. வண்டியில இருக்கற தம்பிக்கு ஒரு வாய் ஷர்பத் குடுத்துட்டு வந்துடறேன்.

— ம். சொல்லுங்க பாக்கலாம் தியோடர் சார், மீன் தொட்டிக்கு எதுக்கு மேஜை விரிப்பு?

— வெயில் பாத்தீங்களா, மீனுக்குக் கண்ணு கூசும்.

— ஜன்னலே சாத்தியிருக்கு. வெயில் எங்கேர்ந்து வரும்? எடுத்துப் பாக்கலாமா?

— வேண்டாம் சார், ஈரம்... எடுத்துட்டீங்களா?

— குறுக்கால இருக்கே இந்த இரும்பு, இது என்னது?

— அது... பழைய பட்டை ஒடஞ்சுபோச்சு பாத்தீங்களா, அதுக்குப் பதிலா ஒரு சைக்கிள் கம்பி.

— எந்த சைக்கிள்ல சார் நடுவுல மடங்கற மாதிரி கீல் இருக்கு?

— சைக்கிளா சொன்னேன்? கோச்சு வண்டி சார். மழைக்கு மேல இழுத்து விடற மூடாக்கு இல்ல, அத மடக்கற கம்பி.

— மூடாக்குக் கம்பியில தோல் வார் எதுக்குத் தொங்குது?

— ஏங்க, இப்படி வாங்க. மெதுவாப் பேசுங்க. அந்தப் பையன் குதிரைப் பக்கமே போகல. உள்ள வா தம்பின்னு கூப்பிட்டா தலையக் குனிஞ்சுக்கறான். உக்காந்த எடத்தவிட்டு அசைய மாட்டேங்கறான். காலங்காத்தால குடிச்சுட்டு எறங்க முடியாம கெடக்கறானோ என்னமோ!

— அப்படியா சேதி? இரு, கேட்டுடறேன். மைக்கேல்ராஜ் சார், கேள்வி எல்லாம் நீங்களே கேட்டா எப்படி? பையன் ஏன் எறங்கல? குடிச்சிருக்கானா?

— யாரப் பாத்து என்ன கேக்கறீங்க? எம் பையன் ஒரு சொட்டுத் தொட்டதில்ல!

— பின்ன என்ன சார்?

— முதல்ல இதச் சொல்லுங்க. கீலுக்கு மேல இருக்கற வளையம் ஏன் பாதியில நிக்குது? முழுசா எறங்கணும். இல்லேன்னா பாரம் வந்ததும் மடங்கிக் கவுத்துடும். கட்டை வெரலால இப்படி ஒரு அழுத்து... சத்தம் கேட்டுதா? இனிமே அசையாது.

— கணக்கு ஆபீஸ்ல வேலைன்னீங்க. மூடாக்குக் கம்பியப் பத்தி உங்களுக்கு எப்படி சார் இவ்வளவு தெரியும்?

— மூடாக்குக் கம்பின்னு நீங்கதானே சொல்லிட்டு இருக்கீங்க.

— போதும் விடுங்க! இனிமே என்னால ஆகாது. அண்ணே, அது எம் பொண்ணு போட்டு நடந்த இரும்பு. சின்னதுல வாதம் வந்துது. இப்ப அது இல்லாமலே நடக்கறா, கொஞ்சம் சாஞ்சு நடப்பா, அவ்வளவுதான். தையல், சமையல், பாட்டு, எதுல கொறச்சல் எம் பொண்ணுக்கு? பிடிக்கலேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. காப்பியத் தொடாம மட்டும் போயிடாதீங்கண்ணே, இன்னொரு தடவ அவ தாங்க மாட்டா.

— போறேன்னு யாரும்மா சொன்னது? எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டாரில்ல உங்க வீட்டுக்காரர்? தெனம் காலையில இதே மாதிரி ஒரு வளையத்த நான்தான் எறக்கி விடறேன். காப்பிய எடுத்து வைங்க. தியோடர் சார், உங்க வாசப்படி ரொம்ப ஒசரம். ஓஸ்வால்ட எறக்கணும், ஒரு கை பிடிக்க வர்றீங்களா?