ஒரே கடலுக்கு மூன்று பூச்சியம்

ஆழம் அறிந்தவரே! ஆழிக்கே அளவுகோல் பிடித்தவரே! கப்பல்கள் கரைசேரக் காகிதத்தில் கண்பதித்துக் காத்தவரே! எங்கள் துறைமுக வரைபடப் பிரிவை அதட்டியும் அரவணைத்தும் ஆண்டுமுடித்து, இன்று ஓய்வுபெறும் தலைமை வரைபடக்காரம்மா அவர்களே! வணக்கம், வணக்கம், ஆசை தீராமல் இன்னொரு வணக்கம்!

பண்புகளை அடுக்குவது இத்தகைய மடலின் மரபு. நாங்களும் "பொறுமையின் பெட்டகமே" என்றுதான் எழுதத் தொடங்கினோம். பிரிவே விழுந்து விழுந்து சிரித்துவிட்டது. ஆகவே அதை அடித்துவிட்டு, அம்மாவுக்கு 'எதிலிருந்தம்மா' என்ற பட்டம் நிலைத்த கதையை அவையோருக்குச் சொல்கிறோம். அவர் முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கிறார். முறைக்கட்டும், நாளை முதல் யாருக்குப் பயம்!

யார் எந்த உயரத்தைச் சொன்னாலும் அம்மா "எதிலிருந்து?" என்பார். மின்விசிறி எட்டடி உயரம் என்றால்கூட, "தரையிலிருந்தா, மேசையிலிருந்தா?" என்பார். அந்தக் கேள்விக்கு ஒருநாள் வேலை வந்தது.

துறைமுகத்துக்கு மாபெரும் பளுதூக்கி எந்திரம் ஒன்று, நின்ற கோலத்திலேயே மிதவையில் ஏறி, இழுவைப் படகுகள் இழுக்க வந்துகொண்டிருந்தது. கழிமுகத்துப் புதுப்பாலத்தின் அடியில் அது நுழைய வேண்டும். மிதவையில் நின்று வழிநடத்திய மாலுமி வேறு யாருமல்லர், அம்மாவின் வீட்டுக்காரர். தரை தட்டக் கூடாதென்று, தண்ணீர் நன்றாக ஏறிய நேரத்தைத் தேர்ந்திருந்தார் துறைமுக மேலாளர். பாலம் புதிது, கடல் வரைபடத்தில் இன்னும் ஏறவில்லை. அதனால் அதன் உயரத்தை நில வரைபடத்திலிருந்து எடுத்திருந்தார்கள்: முப்பது மீட்டர். பளுதூக்கி தண்ணீருக்கு மேல் இருபத்தொன்பது. தாராளம் என்றார்கள் எல்லோரும்.

"முப்பது, எதிலிருந்து?" என்றார் அம்மா. ஒருவருக்கும் தெரியவில்லை. அவரே நில வரைபடத்தைப் பிரித்து, ஓரக் குறிப்பைப் படித்தார். அந்த முப்பது, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. ஏறிய தண்ணீரோ அதற்கு மேல் இரண்டு மீட்டர் நிற்கும். மிச்சம் இருபத்தெட்டுதான்! இடித்தால் பளுதூக்கி சரிவது மிதவையில் நிற்பவர் தலையில்.

"நிறுத்துங்க! அங்கேயே நிறுத்துங்க!" என்று வானொலியில் அலறினார்.

"வீட்டுலதான் உன் அதிகாரம்னா கடல்லயுமா?" என்றது கணவரின் குரல். ஆனால் நிறுத்திவிட்டார்.

மேலாளர் கொதித்தார். "ஏம்மா, அப்ப நம்ம மேப் தப்பா, அவங்க மேப் தப்பா?"

"ரெண்டுமே சரிதான் சார். ஜீரோதான் வேற."

"கடல் ஒண்ணுதானே, ஜீரோ எப்படி ரெண்டு?"

"ரெண்டில்ல சார், மூணு! ரோடு போடுறவங்களுக்கு அசையாத ஒரு மட்டம் வேணும். அவங்க சராசரித் தண்ணிய ஜீரோன்னு வெச்சிருக்காங்க. கப்பல்காரனுக்குத் தரை தட்டுமோன்னு பயம். அதனால கடல் படத்துல ஆழத்த, ரொம்ப வத்தின தண்ணியிலிருந்து எழுதுறோம். பாலம் தலையில இடிக்குமோன்னும் அவனுக்குத்தான் பயம். அதனால பாலத்து உயரத்த, நல்லா ஏறின தண்ணியிலிருந்து எழுதுவோம். அவனவன் பயத்துக்கு ஏத்த ஜீரோ சார்!"

"சரி, வத்தினப்புறம் கொண்டுவந்தா மிதவை தட்டாதா?"

"தட்டாது. நம்ம படத்துல இருக்கிற ஆழமே வத்தின தண்ணிக்குத்தான். மிதவைக்கு அது போதும்."

"ஒருவேளை உங்க கணக்கு தப்புன்னா?"

அம்மா கைவானொலியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தண்ணீர் வற்றியது. பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தி, ஆட்களை அப்புறப்படுத்தினார்கள். மிதவை அசைந்து அசைந்து வந்தது. அலுவலகத்தில் நாங்கள் வானொலியைச் சுற்றி மூச்சடக்கி நின்றோம்.

"யாருய்யா அது பாலத்து மேல? எறங்கச் சொல்லு!" என்று கணவர் கத்தினார்.

"நான்தாங்க."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? எறங்கு!"

"கணக்குப் போட்டவ நான். அது தப்பாப் போனா, நீங்க மட்டும் ஏன் கீழ நிக்கணும்? வாங்க."

வானொலியில் ஒரே சொல் வந்தது: "வர்றேன்."

வந்தார்! பளுதூக்கியின் உச்சிக்கும் பாலத்துக்கும் நடுவே ஒன்றரை ஆள் உயர வெளிச்சம்! இழுவைப் படகுகள் ஊதல் ஊதின. மேலாளர் நாற்காலியில் ஏறி நின்று கத்தினார். நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தோம். கரையேறிய கணவர் பாலத்துக்கு ஓடினார். அம்மாவின் கையைப் பிடித்தவர், துறைமுக வாசல் வரை விடவே இல்லை.

அம்மையீர்! இதோ, இப்போதும் அவர் உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். கை பிடித்திருப்பதை மேசைவிரிப்பு மறைப்பதாக இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்களுக்கு நன்றாகவே தெரிகிறது! நோயும் நொடியும் அண்டாமல், சிரிப்பும் சண்டையும் குறையாமல், இருவரும் நெடுங்காலம் இப்படியே இருங்கள்.

அன்பில் அடங்காதவர்களும் உங்கள் அதட்டலுக்கு அடங்கியவர்களுமான,
துறைமுக வரைபடப் பிரிவினர்